ஸ்பெயின் கொடியும் ஸ்டோர் வாசமும்

1912, ஐப்பசி 3

மழை. நேற்றும் மழை. பாயில் பரப்பியிருந்த திராட்சையை அள்ளி வீட்டுக்குள் கொட்டியாயிற்று. வெயிலில் நன்றாகச் சுருங்க விட்டுத்தான் பிழிய வேண்டும், ஸ்பெயினில் அப்படித்தான் செய்வார்கள் என்று கொடிக்குச்சி கொடுத்த பாதிரியார் சொல்லியிருந்தார். ஸ்பெயினில் ஐப்பசி மாசம் கிடையாதாக்கும். போன வருஷம் காயாமலே பிழிந்து, ஜாடி முழுக்கக் காடி.

இந்த முறை சரியாக வந்தால் கோயில் பூசைக்கு வருஷா வருஷம் நம் திராட்சை ரசம்தான் என்கிறார். பெண்டாட்டி வீரலட்சுமி வேறு கெடு வைத்துவிட்டாள். ராசிங்காபுரத்து நிலம் அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. கொடி மட்டும்தான் என்னுடையது. "இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா வெட்டிப்புட்டு மொச்சை போட்ருவேன்" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஐப்பசி 5

அட, என் மண்டையே! இந்த மழையில் நான் வேலை பார்க்கும் மலை எஸ்டேட்டில் ஏலக்காயை எப்படிக் காய வைக்கிறோம்? ஸ்டோரில், அடுப்புச் சூட்டில்! அரிசி ஏற்றி மலைக்குப் போகிற கழுதைகள் மேல் திராட்சைக் கூடைகளையும் ஏற்றிவிட்டேன்.

ஐப்பசி 11, மலை

காய் உலர்த்தும் ஸ்டோரில், ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவில், என் திராட்சை. அடுப்பு பார்க்கும் சோணைக்குத்தான் பயம். துரை பார்த்தால் நம்மையும் சேர்த்துக் காயப் போடுவார் என்கிறான். பழம் சுருங்கிக் கறுத்து, தேனாய் ஒட்டுகிறது.

கார்த்திகை 8

பிழிந்து ஜாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டினேன். வீரலட்சுமி மூக்கைப் பொத்தவில்லை. நல்ல சகுனம்.

1913, தை 4, மலை

ஒரு குப்பியில் கொண்டுவந்தேன். சோணை, காய் தரம் பிரிக்கும் பிச்சைமணி, நான் – மூவரும் ருசி பார்த்தோம். அத்திப்பழமும் கருப்பட்டிப் பாகும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு. தொண்டையில் மெல்ல ஒரு சூடு. பிச்சைமணியின் மூக்குக்குப் போடி ஏலக்காய்ச் சந்தையே கட்டுப்படும். அவனே ஒரு குறையும் இல்லை என்றுவிட்டான். பிறகென்ன!

தை 10

வீடு. ஜாடியில் நாலு விரல் குறைந்திருக்கிறது. மச்சான் வீரணன் வந்துபோனானாம். வேறு யாராக இருக்கும்? குடிகாரப் பயல்.

தை 12

பாதிரியார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். அருமை என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏலக்காய் எதுக்குப்பா போட்ட?"

போடவே இல்லை சாமி என்று சத்தியம் செய்தேன். நம்பினார். ஆனால் பூசை ரசத்தில் திராட்சை தவிர வேறு வாசமே ஆகாதாம். இதில் ஏலம் தூக்குகிறதாம். நானும் முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போதுதான் உறைத்தது, ஸ்டோர் வாசம் பழத்தில் ஏறிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஏலக்காயிலேயே ஊறிக் கிடப்பவர்கள். வேட்டியில் அது, சோற்றில் அது. எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசமா? இவர்களைப் போய் ருசி பார்க்கச் சொன்னேனே, என்னைச் சொல்லணும்.

வீரலட்சுமியிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். போச்சு. எல்லாம் போச்சு.

தை 13

மலைக்குக் கிளம்பினேன். கொடித் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. மனசு கேட்கவில்லை.

மாசி 6

இறங்கி வந்தேன். பாதையிலிருந்தே பார்த்தேன். கொடி இல்லை, மொட்டை மொட்டையாகக் கட்டைகள்.

கிட்டே போனால்... மறுபடி தழைக்க வெட்டும் கவாத்து! நான் செய்வதைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறாள். வெட்டிய குச்சிகளை மொச்சைக்கு உழுத இடத்தில் வரிசையாக ஊன்றி, தண்ணீரும் விட்டிருக்கிறாள்.

பாதிரியார்தான் வேண்டாம் என்றுவிட்டாரே, யாருக்கு இது என்றேன். குனிந்தபடியே மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மலையேறுனா மாசக்கணக்கா வர்றதில்ல. சாடியத் தொறந்தா நீங்க வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு. அடுத்த தடவையும் அந்த ஸ்டோர்லயே காய வைங்க."

சந்தோஷம், அழுகை, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாடியை எட்டிப் பார்த்தேன். பாதிதான் இருக்கிறது. பாவம் வீரணன்.