பதினேழு அழுத்தல்

கள்ளக்குறிச்சி
9.11.2025

2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. பிற்பகல் 3.12க்கு முதல் அழுத்தல். 4.09க்குப் பதினேழாவது. உங்கள் துணை சுகாதார நிலையத்துக்குச் செய்தி வந்து சேர்ந்தது 4.16க்கு.

ஜூலியா அக்காவுக்கு ராஜதுரை வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன். மெமோ கொடுத்துத் திருநாவலூர்ப் பக்கம் தூக்கியடிக்கப்பட்டவரிடம் நலமா என்று கேட்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அதனால்தான் மேலே உள்ள மூன்று நேரங்களையும் முதலில் எழுதிவிட்டேன்.

உங்கள்மேல் நடந்த விசாரணையில் நான் கொடுத்த தாளில் முதல் நேரம் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் 'சேர்ந்தது' என்று ஒரு சொல். 3.12க்கு வந்த செய்தியை ஒரு மணி நேரம் பார்க்காமல் கிடந்தீர்கள் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எப்போது சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். செல்போன் சிக்னல் எட்டாத கல்வராயன் மலை ஊர்களில் என் ஆராய்ச்சிக்காக நான் வைத்த, பொத்தானை அழுத்தினால் செய்தி அனுப்பும் பத்துப் பெட்டிகளும் ஒரே ரேடியோ வழியில்தான் கீழே பேசுகின்றன. சனிக்கிழமை மரவள்ளி லாரி வரும் நாள். லாரி எங்கே, இன்று என்ன விலை என்று பத்து ஊரும் ஒரே நேரத்தில் கேட்கும். வழி அடைத்துக்கொள்ளும். முதலில் அவசரத்துக்கான சிவப்புப் பொத்தானுக்கு முன்னுரிமை வைத்திருந்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். லாரிக்கும் அதையே அழுத்தினார்கள். எது நிஜமான அவசரம் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு செய்தியையும் மற்ற எல்லாச் செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிற நிரல் ஒன்று எழுதினேன். செய்தி இரண்டு மடங்கானால் கணக்கு நான்கு மடங்காகும். சின்னப் பெட்டி, திணறிப்போனது. கட்டுரை அனுப்பக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முன்னுரிமையைத் தூக்கிவிட்டு ஒரே வரியில் ஒரு விதி போட்டேன்: திரும்பத் திரும்ப அனுப்புகிறவர் வரிசையின் கடைசிக்குப் போகட்டும்.

அன்றே நீங்கள் சொன்னீர்கள். "ஒரே ஆளு திரும்பத் திரும்பக் கூப்ட்டா அது தொல்லை இல்ல தம்பி, உசுரு போவுதுன்னு அர்த்தம். இங்க பள்ளத்துக்கு அந்தாண்ட இருக்கறவன எதிர்க்குரல் வர்ற வரைக்கும் கூப்ட்டுக்கினேதான் இருப்பாங்க" என்றீர்கள். "அக்கா, நீங்க ஊசியப் பாருங்க, புரோகிராம நான் பாத்துக்கறேன்" என்றேன் நான். சிரித்துவிட்டு வேறு பேசினீர்கள்.

செல்லன் அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் மனைவி மூக்காயி அக்காவைச் சாமைக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. அவர் அழுத்த அழுத்த என் விதி அவரைக் கடைசிக்குத் தள்ளியது. பதினேழாவது அழுத்தலுக்குப் பிறகு அக்கா மயங்கிச் சரிய, பெட்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "பச்ச லைட்டு மின்னிக்கினே இருந்துச்சு தம்பி. வண்டி வந்துக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். இல்லன்னா அப்பவே தூக்கிக்கினு எறங்கியிருப்பேன்." செய்தி வரிசையில் நிற்கிறது என்று காட்டுகிற விளக்குதான் அது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஏச்செல்லாம் புருஷனுக்குத்தான். "ஒரு பொத்தான அழுத்தத் தெரியல, நீயெல்லாம் இன்னா ஆம்பள?" என்கிறார்.

என் கட்டுரை தேர்வாகிவிட்டது. சராசரிக் காத்திருப்பு 41 விநாடி என்று அதில் இருக்கிறது. அந்த அறுபத்து நான்கு நிமிடத்தை 'விதிவிலக்கு' என்று நீக்கிவிட்டுப் போட்ட சராசரி. முந்தாநாள் என் வழிகாட்டி வெற்றிவேல் சாரிடம் சொன்னேன். "மூவாயிரம் மெசேஜ்ல ஒண்ணு. அதுக்காக மூணு வருஷத்தக் கொளுத்துவியா?" என்று கேட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. இரண்டரை மாதமாக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெமோவுக்கு நீங்கள் பதில் தரக் கடைசி நாள் புதன்கிழமை என்றும், வேலையே போனாலும் போகும் என்றும் உங்களோடு வேலை பார்த்த உபகாரமேரி சிஸ்டர் சொன்னார். ஜூலியா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்றார். மன்னிப்பு என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். உங்கள் வேலையை அந்தச் சொல் காப்பாற்றாது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை திங்கள் காலை பத்து மணிக்கு, விசாரித்த அதிகாரியிடம் முழுப் பதிவையும் கையெழுத்திட்டுக் கொடுப்பேன். மறைத்தது நான்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். ஒரு நகல் இந்த உறையில் இருக்கிறது. எனக்குத் தைரியம் போய்விட்டால் நீங்கள் கொடுங்கள்.

2. கட்டுரையைத் திரும்பப் பெறுவேன்.

3. பெட்டிகளில் இனிச் சிவப்புதான் முதலில். லாரிக்கு அழுத்தினாலும் சரி, நூறு முறை வண்டி வீணாக மலையேறட்டும். இதை மட்டும் நேற்றே செய்துவிட்டேன்.

4. செவ்வாய்க்கிழமை செல்லன் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவர் சரியாகத்தான் அழுத்தினார், தப்பு என்னுடையது என்று மூக்காயி அக்கா முன்னாலேயே சொல்வேன். ஒன்றுதான் தெரியவில்லை. அன்றைய நெரிசலை அப்படியே கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் முறை அழுத்தியதோடு அவர் நிறுத்தியிருந்தால், நான்கே நிமிடத்தில் செய்தி உங்களிடம் வந்திருக்கும். அதையும் அவரிடம் சொல்லட்டுமா அக்கா?

ராஜதுரை