கம்பியைப் பிடுங்கிப் பார்த்தவள்

மார்ச் 3, செவ்வாய்

மருமகள் ஆஸ்பத்திரியில் செய்யும் வேலை இன்றுதான் கொஞ்சம் பிடிபட்டது. நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் அங்கேயே ஒரு ஏசி அறையில், சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அறை நிரம்பிவிட்டது. பழைய ஸ்கேன் படங்கள், முன்பதிவு எல்லாம் கிளவுடுக்கு, அதாவது வெளியூரில் வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். மருந்து, ஒவ்வாமை போன்ற அன்றாட விவரங்கள் அறையிலேயே. இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

"எங்க பள்ளிக்கூடத்துல இடம் பத்தாம பக்கத்துக் கட்டடத்துல நாலு வகுப்பு நடத்தினோமே, அந்த மாதிரியா?"

"அதேதான் அத்தை. ஆனா மணி ஒண்ணுதான் அடிக்கணும்."

முப்பத்திரண்டு வருஷம் உதாரணம் சொல்லியே காலம் தள்ளியவள் நான். என் உதாரணத்தை என்னைவிட அழகாக முடித்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

எல்லாவற்றையும் வெளியே அனுப்பச் சொல்கிறாராம் பெரிய டாக்டர். "அந்த ரூம்ல நாலு கட்டில் போடலாமேம்மா."

"வெளியே போற கம்பி அறுந்தா, கட்டில்ல இருக்கிறவருக்கு என்ன மருந்துன்னு யாரைக் கேப்பீங்க சார்?"

"அப்போ நீயே அதைப் பிடுங்கிக் காட்டு. வார்டு தடுமாறினா ரூம் எனக்கு."

ஞாயிறன்று பரீட்சை.

மார்ச் 8, ஞாயிறு

தோற்றுவிட்டாள்.

விவரமெல்லாம் அறைக்குள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு நர்ஸாலும் திறந்து பார்க்க முடியவில்லை. யார் யார் விவரத்தைத் திறக்கலாம் என்ற பட்டியலை, சின்னதுதானே என்று வெளியே கிளவுடில் வைத்திருந்தாளாம். மருந்து விவரங்களை முன்னாடியே தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை.

எல்லார் முன்னாலும், "என் தப்பு சார். வீட்டைப் பூட்டிட்டு சாவியை ஊருக்கு அனுப்பிட்டேன்" என்றாளாம். எனக்கு இது வராது. கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, 'யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன்' என்று சமாளித்தவள் நான்.

டாக்டர் இரண்டு வாரம் கெடு கொடுத்திருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

மருமகளுக்கு வச்ச சாப்பாடு மூடினபடியே இருக்கு. கேக்கலாமா — வேண்டாம். அவளே சொல்லட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

பட்டியலின் பிரதி ஒன்று இப்போது அறைக்குள்ளும் இருக்கிறது. வெளியே ஒரு பெயர் மாறினால் உள்ளேயும் மாறும். இன்று மறுபடி பிடுங்கினாள். நாற்பது நிமிடம், எந்த வார்டும் தடுமாறவில்லை. பழைய ஸ்கேன் மட்டும் வரவில்லை. அது வராது என்று முன்பே எழுதி ஒட்டியிருந்தாள்.

"சரிம்மா, ரூம் உனக்கே."

"மாசம் ஒரு தடவை பிடுங்குவேன் சார்."

"அதான் ஓடிடுச்சே, இன்னும் எதுக்கு?"

"ஓடினது இன்னிக்குத்தானே சார்."

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், சுற்றிக்கொண்டு போனோம். நர்ஸ் அவர் எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தாள். "ஐயாவுக்கு இந்த ஊசி ஒத்துக்காதும்மா, வேற போடுறோம்." பதற்றத்தில் அதைச் சொல்ல நான் மறந்தே போயிருந்தேன்.

மதியம் ஆபத்தில்லை என்றார்கள். அப்புறம்தான் மருமகள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"அத்தை, ரோடு தோண்டினவங்க நீங்க வர்றதுக்கு முன்னாடியே கம்பியை அறுத்துட்டாங்க. ரெண்டரை மணி நேரம் லைன் இல்ல. மாமாவைப் பார்க்க லேட் பண்ணாங்களா?"

"இல்லையேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அதைக் கேட்டபிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.