புல் பிடித்த இடத்தில் கல் கேட்டார்கள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றுதான் உண்டு. நம் குதிரை மேயும் தரையில் மறுபடியும் புல் பிடித்துவிட்டது.

நீ இருந்தபோதே அது கட்டாந்தரைதானே? கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் இத்தனை பெரிய வெளி வேறு இல்லை என்று போராட்டக்காரர்கள் கூட்டம் போடக் கேட்டார்கள். நீயும் கொடுத்தாய். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மேடையில் அவர்கள் பேசப்பேச, கீழே அத்தனை கால்களும் மிதித்து மண் இறுகியது. குதிரை புல் வேரைச் சுரண்டித் தின்றது. "போராட்டம் முடியட்டும் மக்கா, புல்லு தானா வரும்" என்றாய். வந்ததா?

பாறசாலை ஊர்வலத்தில் தடியடி என்று யாரோ கத்தியதும், உன்னை முன்னால் நிறுத்தியவர்கள்தான் முதலில் ஓடினார்கள். நெரிசலில் விழுந்த உன்னை மிதித்தது நம் ஆட்களே. அதை எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. தெற்கே உள்ள தாலுகாக்கள் சேர்ந்தன. எல்லை களியக்காவிளையோடு நின்றது; நம் ஊர் சேரவில்லை. பேசினவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நானும் குதிரையும் இந்தப் பக்கம்.

குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது. விற்றுவிடச் சொன்னார்கள். விற்றால் நான் எப்படிப் பிழைப்பேன்? உன் குதிரைவண்டியை இப்போது நானே ஓட்டுகிறேன், அண்ணா. மரச்சீனிக் கிழங்கு ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போகிறேன். சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

தரையைச் சுற்றி முள் அடைத்தேன். குதிரையை வெளியே கட்டி, தீனி அறுத்துப் போட்டேன். மண்வெட்டியே தெறிக்கும்படி இறுகிய மண்ணைக் கொத்திக் கிளறி, மக்கிய சாணத்தைப் பரப்பினேன். வயல் வரப்பில் இருந்த அருகம்புல்லை வேரோடு பிடுங்கி வந்து நட்டேன். முதலில் நட்டது வெயிலில் கருகியது. மழை விழுந்ததும் மறுபடி நட்டேன். அது பிடித்தது.

போன வாரம், அன்று மேடையில் தொண்டை கிழியப் பேசிய போராட்டக் குழுச் செயலாளர் வந்தார். முள்ளை நீக்கிவிட்டுச் செருப்போடு புல்லின்மேல் நின்றார்.

"ஒங்க அண்ணனுக்கு இங்கன ஒரு கல்லு நாட்டணும். வருசந்தோறும் கூட்டம் வரும்."

"கூட்டம் வந்தா புல்லு போவும்."

"புல்லா பெரிசு? அவரு தியாகியாக்கும்!"

"அவன் விழுந்த அன்னைக்கு நீங்க எங்க நின்னீய?"

அவர் முகம் கறுத்தது. "பெம்பிளயளுக்கு இதொண்ணும் மனசிலாவாது" என்று முனகிக்கொண்டே போனார். நான் முள்ளை இழுத்து மறுபடி அடைத்தேன்.

கல்லில் உன் பெயர் இருந்தால் உனக்குப் பிடித்திருக்குமோ? சில நேரம் அப்படித் தோன்றும். பிடித்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

நேற்று முதல்முறையாகக் குதிரையை உள்ளே அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம்வரை அது தலை நிமிரவில்லை.

இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இந்தத் தரையில் எவனும் கொடி நட முடியாது. நீ பிடித்த கொடியும் அதில் சேர்த்திதான்.

தூக்க ஒரு ஆள் இல்லாமல், உன்னை உன் வண்டியிலேயே கிடத்தி வீட்டுக்கு ஓட்டி வந்த
உன் தங்கச்சி