பிரேமாவின் இரண்டாவது எண்

1988 ஜனவரி 5, செவ்வாய்

பனி. எட்டு மணிக்கும் ஏரிக்கரை தெரியவில்லை. தாவணி ஈரம். கம்ப்யூட்டர் அறைச் சாவி இந்த வாரமும் என்னிடம். கூட்டுவது, திரை துடைப்பது, செருப்பை வெளியே விடச் சொல்லிக் கத்துவது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும். எப்போதும் கிளார்க் கையால் எழுதுவார். இந்த வருஷம் கம்ப்யூட்டரில் அச்சடித்துத்தான் போக வேண்டுமாம். த.ஆ. (தலைமையாசிரியை) உத்தரவு. "நம்ம பக்கத்துலயே நாமதான் முதல்" என்று காலைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். கணக்கு சாருக்குத்தான் வியர்த்தது. பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர் ஒருவர்தானே.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம். பாதிப் பெயர்களில் நின்றுவிட்டது. இடமில்லை என்று இங்கிலீஷில் திரையில். அணைத்துப் போட்டால் ஓடுகிறது, மறுபடி அதே இடத்தில் நிற்கிறது.

"இன்னா சார், வயிறு ரொம்பிப்போச்சா அதுக்கு?" என்றாள் பிரேமா. பெருநகர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாய் அதிகம். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

பூங்காவனம் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். (இனி பூ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) ஏரிக்கரை இருளர் குடிசைகளிலிருந்து பத்தாவது வரை வந்தது இவள் மட்டும். அப்பா அம்மா நெல் மில்லில் நெல் அவிக்கிறார்கள். தேர்வு வரைக்கும் பெண்ணை விட்டுவைக்கச் சொல்லி, முன்பணம் கொடுத்த மில் மேஸ்திரி காலில் விழுந்திருக்கிறார்கள். பாஸ் என்றால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் மில்.

ஜனவரி 7, வியாழன்

வயிற்று வலி. மோர் மட்டும்.

சாரின் நிரல் (புரோகிராம்) தாள்களை வாங்கிப் படித்தேன். பிரிண்டரை ஓட்டுகிற நிரலுக்கு டிரைவர் என்றே பெயர், பஸ்ஸுக்குப் போல. எனக்குப் புரிந்தது:

பட்டியல் நிரல் ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குகிறது. டிஸ்க்கிலிருந்து பெயரை எடுத்து அங்கே எழுதுகிறது. பெயர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் டிரைவரிடம் சொல்கிறது. பிரிண்டர் கேட்கும்போது டிரைவர் அங்கே போய் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கொடுக்கிறது.

வாங்கிய இடத்தைத் திருப்பித் தருகிற வரி எங்கேயும் இல்லை! கல்யாணப் பந்தி முடிந்தும் யாரும் எச்சில் இலையை எடுக்காத மாதிரி. அடுத்தவருக்கு எங்கே இடம்?

சாரிடம் சொன்னேன். டிரைவரிடம் சொன்னதும் உடனே இடத்தைத் திருப்பிவிடலாம் என்றேன். நான் சொன்ன மாதிரியே ஒரு வரி சேர்த்தார். கடைசிப் பெயர் வரை ஓடியது. சார் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். த.ஆ. அறைக்கே வந்து கை தட்டினார். பூ. என் பின்னலைப் பிடித்து இழுத்து, "பெரிய ஆளாய்ட்டடி வாசுகி" என்றாள்.

இன்று ரொம்ப சந்தோஷம். மோரே போதும்.

ஜனவரி 8, வெள்ளி

நல்ல தாளில் பட்டியல் அச்சாயிற்று. நடுவில் தாள் ஒருமுறை சிக்கிக்கொண்டது. சார் பொத்தானை அமுக்கி பிரிண்டரை நிறுத்தினார். அவர் தாளை நேராக்கும்போது நான் ஓரம் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்தது. டிஸ்க்கின் விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது. பொத்தானை மறுபடி அமுக்கியதும் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

கிளார்க் விரல் வைத்து எண்ணிக்கொண்டே ஓரத்தில் சிவப்பு மையில் வரிசை எண் போட்டார். "கணக்கு சரியா கீது மேடம்." த.ஆ. படிக்காமலே கையெழுத்து.

"ஒரு தபா பேரு படிச்சுப் பாத்துடலாமா?" என்றார் கிளார்க்.

"நீங்க எழுதினதா இருந்தா படிச்சுப் பாக்கணும். கம்ப்யூட்டர் அடிச்சதை நாம என்னத்தப் பாக்கறது?" என்றார் த.ஆ.

தபாலில் போய்விட்டது. வீட்டில் கருணைக்கிழங்கு, நாக்கு அரிப்பு.

மார்ச் 14, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஹால் டிக்கெட் வந்தது. கிளார்க் பெயர் கூப்பிடக் கூப்பிட வாங்கினோம்.

"பிரேமா." போய் வாங்கினாள். மறுபடி, "பிரேமா."

"எனக்கு ரெண்டு வந்துகீதுடி! ரெண்டு தபா எழுதி ரெண்டு பாஸ் வாங்கிக்கினு போவப் போறேன்." குதித்தாள்.

பூ.வைக் கூப்பிடவே இல்லை. கட்டு முடிந்தது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரிசையிலேயே நின்றாள், இன்னொரு கட்டு இருக்கும் என்பது போல.

"எனுது சார்?"

"நீ ஒழுங்கா ஸ்கூலுக்கு வந்திருக்க மாட்ட. வருகை கொறஞ்சிருக்கும்" என்றார் கிளார்க்.

"ஒரு நாளுகூட நிக்கல சார்."

உண்மை. மழையில்கூட வந்தாள்.

மார்ச் 15, செவ்வாய்

பட்டியலோடு சேர்ந்தே அடித்த பள்ளியின் கார்பன் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிரேமா, அதன் கீழே மறுபடி பிரேமா. அதே அப்பா பெயர், அதே பிறந்த தேதி. இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி முதல் பிரேமாவின் இடம் பூ.வுடையது. அந்த வரிக்குப் பக்கத்தில் தாளின் ஓரம் கசங்கியிருக்கிறது. நான் பிடித்துக்கொண்ட ஓரம்.

பிரிண்டர் நின்றிருந்தபோது பூ.வின் பெயர் இன்னும் எடுக்கப்படாமல் காத்திருந்தது. ஆனால் அந்த இடத்தை அப்போதே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, என் வரியால். டிஸ்க்கிலிருந்து வந்த பிரேமா அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு டிரைவர் பூ.வை எடுக்க அங்கே போனது, பிரேமாவை எடுத்து வந்தது. வரிகளின் எண்ணிக்கை மட்டும் சரி.

சாப்பிட உட்கார்ந்தவள் கை வைப்பதற்கு முன்பே இலையை எடுத்துவிட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 17, வியாழன்

சாரிடம் சொன்னேன். நகலை வாங்கிப் பார்த்தார். "நானும்தானே ஓட்டினேன்" என்றார். பிறகு, "வெளியே சொல்லாத. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

சாரும் த.ஆ.வும் கல்வி அலுவலகம் போய் வந்தார்கள். நேரம் கடந்துவிட்டதாம். செப்டம்பரில் எழுதட்டுமாம். த.ஆ. காரணத்தைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னதற்கு, "பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாரு" என்றார்.

மார்ச் 18, வெள்ளி

பூ.வின் குடிசைக்குப் போனேன். இதுவரை போனதில்லை, நாலு வருஷ சிநேகிதம். சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன், இலை எடுத்தது வரைக்கும்.

"வேணும்னு பண்ணியா?"

"இல்லடி."

"அப்ப வுடு." இரண்டு சுள்ளி ஒடித்தாள். "எங்கம்மா எத்தினி கல்யாணத்துல எல எடுத்துகீது தெரியுமா? ஆளு எழுந்துக்கினாத்தான் எடுக்கும். நீ இன்னாத்துக்குடி அந்த வேலைக்கு வந்த?"

சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளவில்லை.

"செப்டம்பர்ல எழுதுடி. நான் நோட்டெல்லாம் தரேன்."

"செப்டம்பர்ல நான் எந்த மில்லுல கீறனோ! பரீச்ச வரைக்கும்தான்னு மேஸ்திரி சொன்னான். பரீச்சதான் இல்லயே, நாளைக்கே அனுப்புன்றான்."

அவள் அம்மா என்னைப் பார்த்து, "உக்காரு கண்ணு" என்று கோணி விரித்தாள். உட்கார முடியவில்லை.

மார்ச் 22, செவ்வாய்

படித்தது: வரலாறு இரண்டு பாடம். படிக்காதது: மீதி எல்லாம்.

என் வரியை நீக்கிவிட்டேன். கடைசி எழுத்தையும் எடுத்தாயிற்று என்று டிரைவரே சொன்ன பிறகுதான் இடம் திரும்ப வேண்டும். அப்படி மாற்றினேன். நடுவில் வேண்டுமென்றே பிரிண்டரை நிறுத்தினேன். மூன்று முறை. எல்லாப் பெயரும் சரியாக வந்தன. பூ.வின் பெயரும் அதன் இடத்தில், பிரேமாவுக்கு மேலே. வேண்டாத தாளில்.

சார் பார்த்தார். "இப்ப சரியா வருது" என்றார். அறையைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27, ஞாயிறு

மில் லாரி விடியற்காலையிலேயே போய்விட்டதாம். நான் போனபோது குடிசைக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

மார்ச் 28, திங்கள்

தமிழ். எளிது. கட்டுரை இரண்டு பக்கம்.

பெஞ்சில் சாக்பீஸால் எண்கள். பிரேமாவுக்கு முன்னால் காலி இடம். வேறு பள்ளியிலிருந்து வந்த சார் பட்டியலைப் பார்த்து, "பிரேமா எங்கம்மா?" என்றார்.

"நான்தான் சார்."

"இந்த முன் பெஞ்ச்சுப் பிரேமா?"

"அதுவும் நான்தான் சார்." யாரும் சிரிக்கவில்லை. பிரேமாவும்.

அவர் முன் பெஞ்சில் கேள்வித்தாளை வைத்தார். அரை மணி பொறுத்து ஆப்சென்ட் என்று எழுதிவிட்டு, யாரும் தொடாத தாளை எடுத்துக்கொண்டு போனார்.

நாளை இங்கிலீஷ். அந்தக் காலி இடத்தில் நாளைக்கும் ஒரு கேள்வித்தாள் வைப்பார்கள்.