பதினோரு சீட்டு, ஒரே கையெழுத்து

1959 ஆடி 3, ஞாயிறு
காலையிலிருந்து மூடாக்கு. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வடகம் காயவில்லை.

பெரியவன் மகன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். சின்னவன் மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மகள் வயிற்றுப் பேத்தி சரோஜா, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள், எட்டாவது வரை படித்து, கையெழுத்துக்குத் தாலுக்காவிலேயே முதல் பரிசு. சுவரில் நடுப்படம் அவளுடையது.

நான் ஐந்தாவதோடு சரி. ஆனாலும் விழுப்புரம் மாதர் சங்கப் போட்டிக்கு நடுவர் நானே. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைக் கட்டம் மிச்சமில்லாமல் நிரப்புகிறவள் சங்கத்தில் வேறு யார்?

இந்தப் போட்டி தலைகீழ். விடையை நாங்களே கொடுத்தாயிற்று: மல்லாட்டை, ஐந்து கட்டம் (வேர்க்கடலை என்று போட்டால் ஆறு). அதற்குக் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு விடையை மறைக்கணும். விடை தெரிந்ததும் ‘அட, ஆமாம்’ என்று தோன்றணும். ஆளுக்கு ஒரு சீட்டு. சொந்தக் கையெழுத்து. கையெழுத்து விதி என் யோசனை. இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் எழுதிப் பெண்டாட்டி பேரில் அனுப்பிவிடுவார்கள். பரிசு குத்துவிளக்கு.

ஆடி 4, திங்கள்
சீட்டு 64. படித்தது 40. தலைவலி, சுக்குப் பற்று.

‘எண்ணெய் ஆட்டும் பருப்பு’, ஒன்பது பேர். இதில் மறைந்திருப்பது என்ன?
‘ரயிலில் விற்பார்கள்.’ முறுக்கும்தான் விற்கிறார்கள்.
ஒருத்தி சட்னி அரைக்கும் விதம் எழுதியிருக்கிறாள். உப்பு எவ்வளவு என்பது உட்பட.
ஒருத்தி குறிப்புக்குள்ளேயே மல்லாட்டை என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள்.

இதற்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தேன்?

சாயங்காலம் ஒரு சீட்டு. ‘பூவ ஊரே பாத்துது. புள்ளய மண்ணுதான் பாத்துது.’

கீழே வைக்க மனம் வரவில்லை. சின்ன வயதில் செடி பிடுங்கிய கை இது. மஞ்சள் பூ வெளியே, காய் மண்ணுக்குள். இதுதான், விளக்கு இதற்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்த ‘ள’. முடிவில் பூனை வால் மாதிரி ஒரு சுழி. சரோஜாவின் சுழி. பின்னால் திருப்பினால் பேர் அஞ்சலை, திண்டிவனம். மிச்சச் சீட்டுகளைக் கலைத்துப் பார்த்தேன். இதோடு சேர்த்துப் பதினொன்றில் அதே சுழி. பதினோரு பேர், ஒரே தெரு.

ஆடி 5, செவ்வாய்
சமையல் ஓடவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தரம்.

ஒரு விளக்குக்காக என் பேத்தி பதினோரு பொய்ப் பேரா? போன வாரம்தான் சங்கத்தில் அவளைப் பற்றி அரை மணி பேசினேன்.

பதினொன்றையும் ஒதுக்கினேன். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் சீட்டைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஓட்டு வீட்டில் அண்ணன் தம்பி, சிவப்புச் சட்டை.’ பரவாயில்லை ரகம். சங்கத் தலைவி வீட்டில் கொடுத்தாயிற்று.

சரோஜா படத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டிமேல் குப்புறப் போட்டேன். போட்ட வேகத்தில் கண்ணாடி விரிசல்.

ஆடி 7, வியாழன்
தபாலில் சரோஜா கடிதம். நான்கு தரம் படித்தேன்.

நான் நடுவர் என்பதால் அவள் போட்டிக்கே எழுதவில்லையாம். தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பதினோரு பேர் வந்து சொன்னார்களாம், சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்தாளாம். பக்கத்து வீட்டு அஞ்சலை, கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டே மூன்று நாள் யோசித்தவள். கடைசி வரி: ‘தெனம் வந்து, உங்க ஆயா இன்னா சொல்லிச்சின்னு கேட்டுக்கினு நிக்குது. இன்னா ஆயா சொல்லட்டும்?’

அந்தச் சுழி மட்டும் கண்ணில் பட்டது எனக்கு. பதினோரு சீட்டிலும் பதினோரு விதமான பேச்சு. அது படவில்லை.

ஆடி 8, வெள்ளி
தலைவி வீடு. வக்கீல் சம்சாரம், நல்ல மாதிரி. எல்லாம் சொன்னேன். காபி கொடுத்தாள். பிறகு,

“சொந்தக் கையெழுத்துன்னு விதி போடச் சொன்னதே நீங்கதானே பெரியம்மா?”

இப்போது மாற்றினால், பேத்தி எழுதின சீட்டுக்குப் பாட்டி பரிசு கொடுத்தாள் என்று பேச்சு வரும் என்றாள். அதுவும் நிஜம்.

“எழுத வராதவ யோசிக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

“அடுத்த வருஷம் பாக்கலாங்க.”

அடுத்த வருஷமாம். வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

ஆடி 10, ஞாயிறு
விழா. புழுக்கம். வெல்கம் டான்ஸ், இரண்டு பேச்சு, அப்புறம் நான். டீச்சர் சீட்டைப் படித்தேன், கைதட்டினார்கள், விளக்கு அவரிடம். பாவம், அவர்மேல் தப்பில்லை.

உட்காராமல் நின்றேன். இடுப்பிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தேன். இதற்குப் பரிசு இல்லை, என் விதியால் தள்ளுபடி, எழுதத் தெரியாத அஞ்சலை சொன்னது என்று சொல்லிப் படித்தேன். பிறகு பின்வரிசையில், பாத்திரம் கழுவ வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “ஆமாங்... கரெக்டு” என்றாள். அதற்கப்புறம் எல்லோரும்.

தலைவி முகம் சரியில்லை. அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாள்.

விளக்கு விளக்குதான், அஞ்சலைக்குக் கிடைக்கவில்லை. மனசு ஆறவில்லை.

சரோஜாவுக்குக் கடிதம் எழுதினேன். சந்தேகப்பட்டதையும் எழுதினேன், படத்தைப் போட்டு உடைத்ததையும். அஞ்சலையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தனிக் காகிதம். மிச்சப் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி.

கடைசியில்: சுவரில் நடு ஆணி காலி. புதுப் படம் பிடித்து உடனே தபாலில் அனுப்பு. தனியாக நிற்காதே. பதினோரு பேரும் வேண்டும், அஞ்சலை நடுவில்.