ஒற்றை முடிச்சோடு வரும் ஓலை

ஈந்தின் நிழல் நீள்க. கேணியின் ஊற்று இளைக்காதிருக்க.

மேற்கே மணற்கடலும் வடக்கே நீர்க்கடலும் எல்லையாக உடைய ஈந்தநாட்டின் தலைவர், துறைமுகங்களின் காவலர், ஒட்டகக் கொடி உயர்த்திய கோமான் உதியமாறர் திருவடிகளுக்கு, அந்நாட்டின் பேரமைச்சன் நல்லெழினி வணங்கி விடுக்கும் ஓலை. அரசியாரும் இளவரசரும் நலமே வாழ்க. துறையில் கலங்கள் நிறைக. எல்லைக்கு அப்பால் உள்ள வெண்மணல் நாட்டாரும் அவர்தம் அரசரும், இன்று நம்மோடு பேசாதிருப்பினும், நலமே வாழ்க.

அமைச்சன் ஓலையில் தன்னை 'நான்' என்று குறிக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த முறை. ஆதலால் இவ்வோலை பேரமைச்சனை வேறொருவனைப் போலவே சொல்லிச் செல்லும். அதுவும் ஒருவகையில் பொருத்தமே. பதவி ஏற்ற நாள்முதல் அவனுக்கே தன்னைப் பார்த்தால் வேறொருவனாகத்தான் தோன்றுகிறது.

இதன் கயிற்றில் ஒரு முடிச்சே இருக்கக் கண்டு அரண்மனை வாயிலோர் இதைத் திருப்பிவிட வேண்டா. எல்லையைத் தொடும் அமைச்சோலை எதற்கும் பேரமைச்சன் முடிச்சு ஒன்றும் தானைத்தலைவர் முடிச்சு ஒன்றுமாக இரண்டு வேண்டும் என்பதை அவன் மறந்தானில்லை. அம்முறையால் அவன் பட்ட பாட்டுக்கு அதை மறக்கவும் இயலாது.

பெருமானே, நல்லெழினி பிறப்பால் அமைச்சர் குலத்தவன் அல்லன். துறைமுகத்தில் கயிறு திரிப்பவர் மகன். மீசை அரும்பும் முன்னே தூதர்குழுவில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தவன், பின் தானே தூதனாகி, கடலுக்கு அப்பாலுள்ள அவைகளில் தன் இளமையைக் கழித்தான். தரையில் அமர்ந்து உண்ணும் அவையில் தரையில் அமர்ந்தான். நின்றுகொண்டே வழக்காடும் அவையில் கால் கடுக்க நின்றான். இரு பேரரசுகள் நம் துறைமுகத்தைப் பங்கிட முயன்ற ஆண்டில், இரண்டுக்கும் இனிய முகம் காட்டி, ஒன்றுக்கும் துறையை விட்டுக்கொடாமல் மீண்டவன் அவன்தான். அந்நாளில் அவன் விடுத்த தூதோலைகளுக்கு ஒற்றை முடிச்சே போதும். தூதுச்செய்தி காத்திருக்கலாகாது என்பதால் அம்முறை.

வெண்மணல் நாட்டோடு கேணிநீரைப் பகிரும் உடன்படிக்கை செய்தவனும் அவனே. அதன்பொருட்டு அவன் எல்லையிலுள்ள ஒட்டகவாயில் வழியே சென்று ஒரு வேனில் முழுதும் அங்கே தங்கினான். தூதன் புறப்பட்ட வாயிலை அவன் திரும்பும்வரை அடைக்கலாகாது என்பதும், அதுவரை படைக்கலமின்றி வருவோரை அங்கே மறிக்கலாகாது என்பதும், தங்கள் பாட்டனார் கல்லில் பொறித்த ஆணையன்றோ? அந்த வேனிலில் மணற்புயல் அடித்தபோதும் காவலர் கதவைச் சாத்தாமல், உள்ளே குவிந்த மணலைக் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டியவண்ணம் இருந்தனர். அவன் திரும்பி வந்து அவர்களைத் தழுவிக்கொண்டபோது, இன்னும் ஒரு திங்கள் தாமதித்திருந்தால் நாங்கள் கோட்டையையே அள்ளிக் கொட்டியிருப்போம் என்று ஒரு முதிய காவலர் குறைபட்டுக்கொண்டார்.

அவ்வுடன்படிக்கையால் வந்த உறவில்தான் பேரமைச்சனின் ஒரே மகள் நறுவீ வெண்மணல் நாட்டு உப்பு வணிகர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள்.

பழைய பேரமைச்சர் மறைந்தபின் தாங்கள் அவனை அழைத்து முத்திரை தந்தபோது, கப்பலிறங்கும் துறையெங்கும் மலர் இறைத்தார்கள். அவன் மனைவி பூங்குழை மட்டும் மலர் இறைக்கவில்லை. மணமான நாள்முதல் தூதனின் படுக்கைமூட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே தனக்கு இல்லறமாயிற்று என்றும், இனி அம்மூட்டையைப் பரணில் ஏற்றிவிடுவதாகவும் சொல்லி, அன்றே ஏற்றினாள். அவன் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டான். அந்நாள்போல் அவன் மகிழ்ந்த நாள் வேறில்லை.

அதன்பின் நிகழ்ந்ததைச் சொல்ல அவனுக்கு நாணமாக இருக்கிறது.

எல்லைச் சந்தையில் நம் வீரர் சிலரும் அவர்கள் வீரர் சிலரும் ஓர் ஒட்டகத்தின்பொருட்டு அடித்துக்கொண்டனர். தானைத்தலைவர் அடுபோரர் ஒட்டகவாயிலை அடைக்கச் செய்தார். சினம் தணியும்வரை என்றார். ஒட்டகம் கிடைத்துவிட்டது, அடிபட்டவர் தேறிவிட்டனர், அவர்களுள் ஒருவன் மணமும் செய்துகொண்டான். வாயில் மட்டும் இன்னும் அடைபட்டே கிடக்கிறது. அப்பால் மணம் முடித்துப் போன பெண்கள் அப்பாலும், அவர்கள் தாயர் இப்பாலுமாக நிற்கின்றனர்.

வாயிலைத் திறக்கப் பேரமைச்சன் ஆணை எழுதினான். இரண்டாம் முடிச்சு இல்லை என்று அது திரும்பிற்று. முடிச்சு வேண்டித் தானைத்தலைவருக்கு எழுதினான். அவ்வோலையும் எல்லையைத் தொடுவதால் அதற்கும் இரண்டாம் முடிச்சு வேண்டுமென்று அது பிரிக்கப்படாமலே வந்தது. முடிச்சு கேட்கும் ஓலைக்கே முடிச்சு கேட்டால் எங்கே போவது? நேரில் சென்றான். பனை வளராத நம் நாட்டுக்கு ஓலையெல்லாம் கப்பலில் வருகிறது, அதைப் பேரமைச்சர் இப்படி வீணாக்கலாமா என்று அடுபோரர் பரிவோடு கேட்டு, ஈச்சம்பழம் தந்து வழியனுப்பினார்.

அவையில் முறையிட்டான். தூதரின் தேன்மொழிக்கே கதவு திறக்குமாயின் கொல்லன் எதற்குத் தாழ் அடித்தான் என்று அடுபோரர் வினவ, அவை சிரித்தது. பெருமானும் முறுவலித்து, ஆகட்டும், பார்ப்போம் என்று அருளினீர்கள். குறை கூறுவதாக எண்ணற்க. ஆயினும் அச்சொல்லை அவன் எத்தனையோ அரசர் வாயில் எத்தனையோ மொழிகளில் கேட்டிருக்கிறான். அதன் பொருள் எம்மொழியிலும் ஒன்றே. அயலார் அவையில் தன் சொல்லுக்கு இருந்த எடை தன் சொந்த அவையில் ஓர் ஈச்சங்கொட்டைக்கும் இல்லையே என்று அன்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினான்.

இந்நிலையில் நறுவீ தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வரப் புறப்பட்டு, வாயிலுக்கு அப்பால் கூடாரத்தில் தங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அவளுக்கு முன்பே அங்கே வந்து காத்திருக்கும் பெண்கள் பலர். தாய்வீட்டில் அல்லாமல் தலைமகவை ஈன்றால் அம்மகவுக்கு இருநாட்டிலும் பெயர் சூட்டும் மாமன் வரான் என்பது எல்லையோர வழக்கம். அதனால் ஒருத்தியும் திரும்பிப் போகத் துணியவில்லை.

அடுபோரர் தாமே ஆளனுப்பினார். பேரமைச்சர் மகளின் பல்லக்கு ஒன்று மட்டும் பெருங்கதவிலுள்ள சிறு திட்டிவாசல் வழியே வரலாம் என்றும், தாமும் பெண்ணைப் பெற்றவரே என்றும் சொல்லியனுப்பினார். உண்மையை மறைப்பானேன்? நல்லெழினி உள்ளம் துள்ளிற்று. ஏனைய பெண்களை அவன் அக்கணம் எண்ணவில்லை. உண்டுகொண்டிருந்தவன் கைகூடக் கழுவாமல் எழுந்து போய்ப் பூங்குழையிடம் சொன்னான். அவள் அழுதாள், சிரித்தாள், பிரசவ மருந்துக்குச் சுக்கு இடிக்கத் தொடங்கினாள்.

அவளை அழைத்துவர அனுப்பிய பல்லக்கு வெறுமையாகத் திரும்பிற்று. பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்குத் தனக்கும் முன்னே நாள் நெருங்கியிருக்கிறது என்றும், அவளை வெயிலில் விட்டுத் தான்மட்டும் நுழைந்தால் நாளை இருநாடும் பகிரும் கேணியில் எந்த முகத்தோடு நீர் மொள்வது என்றும், அப்பா திறந்தால் வாயிலைத் திறக்கட்டும், திட்டிவாசல் பூனைகளுக்கு இருக்கட்டும் என்றும் நறுவீ சொல்லியனுப்பினாள்.

பூங்குழை உலக்கையைக் கீழே போட்டாள். ஊருக்கெல்லாம் சமாதானம் பேசியவருக்குப் பெற்ற மகளிடம் ஒரு சொல் பேச வரவில்லையே என்றாள். பிடிவாதம் தன் குலத்தில் கிடையாது, கயிறு திரித்தவர் குலத்துச் சொத்துதான் அது என்றாள். அவள் சினம் இன்னும் மூண்டது. தூதராயிருந்த காலத்திலாவது உமக்கென ஒரு வாயிலைத் திறந்துவைத்திருந்தார்கள், மணலை அள்ளி அள்ளிக் காத்திருந்தார்கள், நானும் அவ்வாறே காத்திருந்தேன், பேரமைச்சரான பின் உம்மால் ஒரு பூனையைக்கூட உள்ளே கொணர முடியவில்லை என்றாள்.

சொல்லிவிட்டு அவளே நின்றாள். அவனும் அவளை நோக்கினான். கல்லில் பொறித்த ஆணை இருவருக்கும் ஒருங்கே நினைவில் எழுந்தது.

பின்பு பூங்குழை அவனிடம் ஒன்று மட்டும் கேட்டாள். நீர் தூது போய்த் திரும்பினால் கதவு அடைபடும் அல்லவா என்றாள். ஆம் என்றான். அப்படியானால் பேரப்பிள்ளையை நீர் பார்க்க இயலாதே என்றாள். உடன்படிக்கை புதுப்பிக்கப்படும்வரை இயலாது என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏணியை எங்கே வைத்தீர் என்றாள்.

இம்முறை ஏணியைப் பிடித்தவள் அவள். படுக்கைமூட்டையில் கரையான் ஏறவில்லை. பரணில் கிடந்தும் அது பயணத்தை மறக்கவில்லை போலும் என்று அவள் சொன்னபோது, இருவரும் சிரித்தனர். அழுதால் நன்றாயிராது என்பதால் சிரித்தனர்.

ஆகவே பெருமான் திருவுளம் கொள்க. தூதரை ஏவும் உரிமை பேரமைச்சன் ஒருவனுக்கே உரியது. அதற்குத் தானைத்தலைவர் இசைவு வேண்டியதில்லை. அவ்வுரிமையால், பேரமைச்சன் நல்லெழினி, கேணி உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்பொருட்டு வெண்மணல் நாட்டுக்குத் தூதனாகத் துறைமுகத்துக் கயிறு திரிப்பவர் மகன் நல்லெழினியை ஏவுகின்றான். தூதன் முத்திரை சுமக்கலாகாது. ஆதலால் பேரமைச்சன் முத்திரை இவ்வோலையோடு திருவடிக்கே திரும்புகிறது. அதைத் தகுதியுடைய ஒருவருக்கு அருள்க. அவர் அரசர்முன் உரக்கப் பேசுபவராகவும் இருப்பாராக.

இனி, அம்முத்திரையின் கடைசி ஆணை. ஒட்டகவாயில் காவலர் அறிக. தூதன் இன்று வெயில் தணியுமுன் அவ்வாயிலைக் கடப்பான். அவன் திரும்பும்வரை அதன் இரு கதவுகளும் அகலத் திறந்திருக்க வேண்டும். படைக்கலமின்றி வருவோர் யாவராயினும், கருவுற்ற பெண்டிர் முதலாக, தடையின்றி நுழைக. மணல் குவிந்தால் அள்ளுக. இதை மறிப்போர் தானைத்தலைவரேயாயினும், கல்லில் நின்ற ஆணையை மறித்தவராவர். மூத்த காவலருக்குத் தூதன் தனியே வணக்கம் கூறுகிறான். கூடைகளைப் பழுதுபார்த்து வைக்குமாறும் கூறுகிறான்.

தூதன் எப்போது திரும்புவான் என்று அடுபோரர் வினவக்கூடும். அவருக்குத் தூதனின் மறுமொழி இது: ஆகட்டும், பார்ப்போம்.

நறுவீயின் பல்லக்கு உள்ளே வருகையில் தூதனின் ஒட்டகம் வெளியே செல்லும். வாயில் நடுவே ஒரு கணம் நிற்பதற்குத் தூதுமுறையில் தடை ஏதுமில்லை என்பதை அவன் நன்றாக ஆராய்ந்துகொண்டான்.

நிழல் நீள்க. ஊற்று இளைக்காதிருக்க. கதவு திறந்தே இருக்க.

இது பேரமைச்சன் முத்திரை. இனி இது அவனுடையதன்று. இது தூதோலை. ஆதலால் முடிச்சு ஒன்று.