பெயர் வெட்டிய தம்ளர்கள்

உ

ஆழ்வார்பேட்டை,
வெள்ளிக்கிழமை இரவு

அருமை மகன் சிரஞ்சீவி கருணாகரனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தப் பம்பாய் மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். வழக்கமாக ஞாயிறு பகலில் அப்பாவும் கூட உட்கார்ந்து எழுதும் கடிதத்தை இந்தத் தடவை அவர் தூங்கிய பிறகு அடுக்களையில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். சங்கத்து விவகாரத்தை உனக்கு எழுதவே கூடாது, தெரிந்தால் லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்பான், வேலையோ புதிது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்ல சுந்தரவல்லிதான் எழுதுகிறாள். முற்றத்தில் பூனை நடந்தால்கூடப் பேனாவைப் பாவாடைக்குள் ஒளிக்கிறாள், எழுத்து கோணியிருந்தால் அவளைக் கேலி செய்து பதில் எழுதாதே.

அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கடையில் நின்று துணி விரித்துப் போடுவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. சுந்தரவல்லி இந்த வருஷம் கணக்கில் முதலாவது. உனக்கு இருமல் விட்டதா இல்லையா என்று போன கடிதத்தில் நீ எழுதவில்லை, சித்தரத்தையைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி, அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, பரேலில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் சிரிப்பார்கள் என்று விட்டுவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வாலிபர் சங்கம் இந்த ஆடியில் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. தினமும் சாயங்காலம் நம் கடை வாசலில் கூடும் கூட்டம் உனக்குத் தெரியாததா, ஜவுளி வாங்க வருகிறவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை, அத்தனை பேரும் பந்தாட்டத்துக்கு வைத்தியம் சொல்கிறவர்கள். வாசல் ஓரத்தில் மிஷின் போட்டிருக்கும் தையற்காரர் ஷரஃபுதீன் தைக்கிறதை விட்டுவிட்டு, இன்னா நைனா, மெஹபூப் அலி கைல வெண்ணெ தடவிக்கினு கோல்ல நிக்கிறான் என்பார். மெஹபூப் விடுவானா, முன்னால ஓடறதுக்கு ஆள் இல்ல பாய், பின்னால நான் ஒருத்தன் எத்தினியத்தான் புடிக்கிறது, பந்தா வருது, ஐப்பசி மழ மாதிரி கொட்டுது என்று கத்துவான். இன்னொருத்தர் எதிர்க்கட்சி பூட்ஸ் போட்டு ஆடுகிறது, நம் பையன்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள், அதுதான் காரணம் என்பார். அப்பா மைதானம் சேறு என்பார். இப்படி எல்லாவற்றையும் பேசினார்கள், இடது பக்கம் ஓட ஆள் ஏன் இல்லை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. துரைராஜ் ஆட வருவதில்லை கருணாகரா.

உனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். ஆட்டப் பழக்கம் முடிந்து பையன்கள் கடைக்கு வந்து மோர் குடிப்பது பழைய வழக்கம். துரைராஜுக்கு மட்டும் சொம்பிலிருந்து கையில் ஊற்றுவார்கள். நீ இருந்தவரை நீயும் அவன் பக்கத்தில் நின்று கையேந்தியே குடித்தாய், ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறாய் என்று நாங்கள் நினைத்தோம், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. நீ பம்பாய் போன பிறகு அவன் ஒருவன்தான் கையேந்தி நின்றான், அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு என்னவோ போல் இருந்தது. ஒருநாள் ஷரஃபுதீன் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார், அவன் மண்டையால முட்ன பந்த மெஹபூபு கட்டிப் புட்ச்சுக்கிறான், அதுக்குத் தீட்டு இல்ல, தம்ளருக்கு மட்டும் தீட்டு கீதா முதலாளி என்று. அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. போன வருஷம் கபாலி கோயிலில் எல்லாரும் உள்ளே போகலாம் என்று ஆனபோது முன்னால் நின்று சந்தோஷப்பட்ட மனுஷர் இல்லையா. நல்ல எண்ணத்தோடுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். மயிலாப்பூர் குளக்கரைப் பாத்திரக்கடையில் ஆளுக்கு ஒன்றாகப் பித்தளைத் தம்ளர் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரனின் பெயர் வெட்டிக்கொண்டு வந்தார். நம் வீட்டுத் தட்டில் உன் பெயரும் சுந்தரவல்லி பெயரும் வெட்டியிருப்பதுபோல இவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள் என்று பெருமையாகச் சொன்னார். கமிட்டிக்காரர்களுக்கும் அவர்களுக்கென்று இரண்டு மூன்று.

முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு துரைராஜ் பெயர் போட்டதை மட்டும் தனியாகக் கழுவி ஜன்னல் கம்பி ஓரம் கவிழ்த்துவைப்பது என்று எப்படியோ வழக்கமாயிற்று. யார் முதலில் வைத்தது என்று கேட்டால் யாரும் இல்லை. பெயர் இல்லாவிட்டால் எது யாருடையது என்று தெரியாமல் தானாகவே கலந்துபோயிருக்கும், பெயர் இருந்ததால் பிரித்துவைக்க வசதியாகப் போயிற்று. ஒருநாள் அவன் மோர் குடிக்கவில்லை. அப்பாவிடம் வந்து, கைல ஊத்தினப்போ தாகத்துக்குக் குட்ச்சிட்டுப் போய்க்கினே இருந்தேன் ஐயா, இப்போ என் பேர இல்ல ஜன்னல்ல கட்டித் தொங்க உட்டுக்கீறீங்க, ரோட்ல போறவன்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று மெதுவாகத்தான் சொன்னானாம். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன், நன்றி இருக்கிறதா என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவன் வருவதில்லை. தகவல் சொல்லாமல் ஆட்டத்துக்கு வராதவன் பெயரை எடுத்துவிடலாம் என்று சங்கத்தில் ஒரு விதி இருக்கிறதாம், கமிட்டியில் இருக்கிற அந்த லஸ் வக்கீல் குமாஸ்தா நாளை சனிக்கிழமை சாயங்காலம் நம் கடையில் கூட்டம் போட்டு எடுத்தே தீரவேண்டும் என்கிறார். எடுத்துவிட்டால் இந்த வருஷம் முழுக்க வேறு எந்தச் சங்கமும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது.

மரக்கடையில் நாளெல்லாம் பாரம் தூக்குகிற பிள்ளைக்கு இந்தப் பந்து ஒன்றுதான் சந்தோஷம் என்று அவன் தாயார் வேலம்மா சொல்லி அழுதாள். திருவான்மியூரிலிருந்து கீரை கொண்டுவருகிறாளே அவள்தான். உம்புள்ள எங்கூட்டாண்ட வந்து, நான் பாத்துக்கறேன் ஆயான்னு சொல்ச்சேம்மா, அது ஊருக்குப் போனதும் பேச்சும் ரயிலேறிடுச்சா என்று கேட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவளுக்கும் கொல்லை வாசலில் நான் கையில்தான் ஊற்றிவந்திருக்கிறேன் கருணாகரா. அன்று தம்ளரில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் குடித்தாள். துரைராஜைச் சனிக்கிழமை ஒரு தடவை கடைக்கு வரச் சொல், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் அவன் சொல்லியனுப்பியதை வந்து சொன்னாள். வருகிறானாம். ஆனால் எனக்கு மொதல்லயும் வேணாம், கடசீலயும் வேணாம், நடுவுல யாருக்கோ குடுக்கிறாமாதிரி குடுத்தா போதும் என்று சொன்னானாம்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. வெட்டின பெயரை அழிக்க முடியாது. பழைய பித்தளையைப் பாத்திரக்கடையில் போட்டுப் புதிது எடுக்கலாம் அல்லவா. நம் கடையோ வீட்டு வாசலிலேயே, நான் வெளியே போனால் அப்பா பார்த்து எங்கே என்பார். சுந்தரவல்லி பள்ளிக்கூடம் போவது மயிலாப்பூர் வழியாகத்தானே, புத்தகப் பைக்கு அடியில் தம்ளர்களையும் சேதாரத்துக்கு ஈடாக என் பழைய கூஜாவையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பினேன், தம்ளர் எங்கே என்று அப்பா கேட்டால் துலக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். பாவம், முதல் நாளே வாசலில் ஷரஃபுதீன் பிடித்துக்கொண்டாராம், இன்னா பாப்பா, உன் புஸ்தகம் மணி அடிக்குது என்று. இவளுக்கு உயிர் போய்விட்டது. அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நான் ஒண்ணும் கேக்கல, நீ போ என்றாராம். இன்று எல்லாம் முடிந்து புதுத் தம்ளர்கள் வந்துவிட்டன, இதோ என் பக்கத்தில்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன், ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது. நாளைக்கு அப்பா பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. அவர் உனக்குக் கோபமாக எழுதினால் நீ எதிர்த்து எழுதாதே, துரைராஜைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுது. விளக்கில் எண்ணெய் இல்லை, நிறுத்துகிறேன்.

ஞாயிறு இரவு. மேலே எழுதினதை நேற்று தபாலில் போட முடியவில்லை, அதுவும் நல்லதுதான், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் கூட்டம் கூடியது. குமாஸ்தா விதியைப் படிக்க ஆரம்பித்தார், துரைராஜ் ஷரஃபுதீன் மிஷின் பக்கத்தில் நின்றான். ஆண்கள் கூடியிருக்கும்போது கடைப்பக்கம் வராதவள் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே வந்தேன். குமாஸ்தா ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, என்னங்க இதில் பெயரைக் காணோமே, எது என்னுது என்றார். எல்லாம் ஒன்றுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மெஹபூபுக்குக் கொடுத்தேன், அடுத்து நின்ற துரைராஜுக்குக் கொடுத்தேன், அவனுக்கு அடுத்தாற்போல அப்பாவிடம் நீட்டினேன். மிஷின் சத்தம் நின்றுவிட்டது. அப்பா தம்ளரைத் திருப்பினார், அடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். யார் மாற்றியது என்றார். நான்தான் என்றேன். தம்ளர் அவர் கையிலேயே இருந்தது. பிறகு அண்ணாந்து குடித்துவிட்டு, காபி ஆறிப்போச்சு, அடுத்த தடவை சூடா கொண்டா என்றார். அவ்வளவுதான். குமாஸ்தா குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார், இனிமேல் வரமாட்டேன் என்று இன்று சொல்லியனுப்பியிருக்கிறார், மைதானத்துக்கு அனுமதி வாங்க இனி யார் அலைவது என்று அப்பாவுக்குக் கவலைதான். ஆனால் அந்த விதியை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

இன்று ஆட்டம். ஜெயித்தோம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. தோற்றுத்தான் போனார்கள். அதுவும் கடைசி நேரத்தில் எதிர்க்கட்சிக் கோல்காரன் கீழே விழுந்து கிடக்க, காலியாக இருந்த கோலுக்கு வெளியே துரைராஜ் பந்தை அடித்துவிட்டானாம். சாயங்காலம் கடை வாசலில் நடந்த கூத்து உள்ளே வரைக்கும் கேட்டது. ஷரஃபுதீன், ஏன் நைனா, கோலு அவ்ளோ பெரிசா தொறந்துகினு கீது, நீ இன்னாத்துக்குப் பந்தைத் தேனாம்பேட்டை பஸ்ஸு ஏத்தி அனுப்ச்சே என்றார். துரைராஜ் சும்மா இருக்கவில்லை, நீ தெச்ச நிஜார்தான் பாய், காலத் தூக்கினா டர்ருங்குது, மானத்தப் பாக்கறதா கோலப் பாக்கறதா என்றான். கடையே சிரித்தது. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனை, கண்ணு எங்கடா இருந்துச்சு உனக்கு என்று அரை மணி திட்டினார், உன்னைத் திட்டுவாரே அதே மாதிரி. அவனும் கையில் தம்ளரை வைத்துக்கொண்டே எதிர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தான். நம் கடையில் அவன் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நீ வேலம்மாவிடம் சொன்ன சொல் இப்போதைக்குப் பத்திரம், இதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும்.

வயிறு வாடாமல் சாப்பிடு. ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனால் காதை மூடிக்கொள்ளத் துண்டு எடுத்துக்கொண்டு போ. இருமலைப் பற்றி மறக்காமல் எழுது. நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

உன் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா,
மீனாட்சி

அண்ணா, இது அம்மா சொல்லாதது, நானாக எழுதுகிறேன். அம்மா படுக்கப் போய்விட்டாள். தான்தான் மாற்றியதாக அம்மா சொன்னாலும் சுமந்தது நான் என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று நேற்று ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். இன்று காலை தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். என் புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஏளா, ரொம்பக் கனமாவா இருந்துச்சு என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

சுந்தரவல்லி